கடலோர ஊரில் குக்கீ அலங்காரம்: ஃபாண்டன்ட் அடியில், ராயல் ஐசிங் மேலே

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். பிறந்தநாளுக்கு 25 குக்கீ அலங்கரிக்க வேண்டும். ராயல் ஐசிங் (முட்டை வெள்ளையில் ஐசிங் சர்க்கரை அடித்த, காய்ந்தால் இறுகும் பூச்சு) ஊற்றினால் மறுநாள்கூடக் காய்வதில்லை, சிவப்பு நிறம் வெள்ளைக்குள் கசிகிறது. ஃபாண்டன்டும் (மாவு போலத் தேய்த்து மூடும் சர்க்கரைப் பசை) பிசுபிசுக்கிறது. முட்டை சேர்க்காதவர்களும் சாப்பிடுவார்கள். என்ன வழி?

பதில்: முழுக் குக்கீயிலும் ஐசிங்கை ஊற்றி நிரப்பும் முறை, காற்று வறண்ட ஊர்களில் சுலபமாகக் கைகூடும். ஐசிங்கில் உள்ள தண்ணீர் காற்றில் போனால்தான் அது இறுகும். சென்னையில் காற்றே ஈரம் குடித்து நிற்கிறது, தண்ணீர் எங்கே போகும்? பரப்பை ஃபாண்டன்டால் மூடிவிட்டு, ராயல் ஐசிங்கைக் கோடு, புள்ளி, எழுத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கோட்டில் தண்ணீர் கொஞ்சம்தான், ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும்.

குக்கீ பரந்துபோனால் மேலே செய்யும் வேலை எல்லாம் வீண். முட்டையில்லாத எளிய கணக்கு 1:2:3. பொடித்த சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மைதா 300. உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். பேக்கிங் பவுடர் போடவே கூடாது, ஓரம் உருண்டுவிடும். வெண்ணெயும் சர்க்கரையும் கலந்தால் போதும், நுரைக்க அடிக்காதீர்கள். அடித்தால் காற்று புகுந்து அடுப்பில் உப்பி, பிறகு அமுங்கும். 6 மி.மீ. கனத்தில் தேய்த்து, வெட்டி, தட்டோடு ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து, 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுங்கள். 6 செ.மீ. வட்டத்தில் 25 தேறும்.

ஃபாண்டன்ட் ஒரு குக்கீக்கு ஏறக்குறைய 10 கிராம் பிடிக்கும். வெட்டு வேஸ்ட்டையும் சேர்த்து 400 கிராம் வாங்குங்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். பிசுபிசுப்புக்கு ஐசிங் சர்க்கரையைத் தூவிக்கொண்டே போனால் முதலில் நன்றாக இருக்கும், பிறகு அந்தச் சர்க்கரையே ஈரத்தை இழுத்து இன்னும் ஒட்டும். 250 கிராமுக்குக் கால் டீஸ்பூன் சிஎம்சி பவுடர் (ஃபாண்டன்டை இறுக்கும், உண்ணத்தக்க பிசின் பொடி) சேர்த்துப் பிசைந்து, கவரில் இறுக்கிச் சுற்றி அரை மணி விடுங்கள். தேய்க்கும்போது சோளமாவு கொஞ்சமாகத் தூவி, மிஞ்சியதை உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். எதிர்த் தொல்லையும் உண்டு: தேய்த்ததை ஃபேனுக்கு அடியில் திறந்து வைத்தால் மேல்தோல் யானைத்தோல் மாதிரி சுருக்கம் விடும். அப்படியானால் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு மறுபடி பிசைய வேண்டியதுதான்.

2 முதல் 3 மி.மீ. கனம் போதும். அதற்கு மேல் போனால் கடிக்கும்போது வாய் முழுக்கச் சர்க்கரைதான். குக்கீயை வெட்டிய அதே கட்டரால் வெட்டுங்கள். அடுப்பிலிருந்து எடுத்து நான்கைந்து நிமிடம் கழித்து, குக்கீ இறுகி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது மேலே வைத்து உள்ளங்கையால் மெல்ல அமுக்குங்கள். அடிப்பக்கம் இளகித் தானே பிடித்துக்கொள்ளும். கொதிக்கக் கொதிக்க வைத்தால் வெண்ணெய் மேலேறி எண்ணெய்த் திட்டு விழும். ஆறிவிட்டதென்றால் வடிகட்டிய ஜாமைப் பெயருக்குத் தடவி ஒட்டலாம். தண்ணீர் தடவுபவர்கள் பெரும்பாலும் அதிகமாகத் தடவிவிடுகிறார்கள், அப்புறம் ஃபாண்டன்ட் வழுக்கும், ஓரத்தில் பாகு கசியும்.

இந்த நிலையில் ஓர் இரவு அப்படியே விடுங்கள். மேல்தோல் இறுகிவிட்டால், பிறகு தப்பான கோட்டைக் காய்வதற்குள் பல்குச்சியால் கிளப்பி, ஈரப் பிரஷால் ஒற்றி எடுத்துவிடலாம். மெத்தென்று இருக்கும்போதே வரைந்தால் ஒவ்வொரு தப்பும் தழும்பாக நிற்கும்.

ராயல் ஐசிங்குக்கு வழக்கமான அளவு: 200 கிராம் ஐசிங் சர்க்கரைக்கு ஒரு முட்டையின் வெள்ளை, அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. உங்கள் விருந்துக்கு இது ஆகாது. மெரிங்க் பவுடர் என்று விற்பதைச் சைவம் என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய. அதுவும் உலர்த்திய முட்டை வெள்ளைதான். முட்டை வெள்ளைக்குப் பதிலாக, கொண்டைக்கடலையை உப்பில்லாமல் வேகவைத்த தண்ணீரை, முட்டை வெள்ளை மாதிரி கொழகொழப்பாகும் வரை சுண்ட வைத்து ஆறவிடுங்கள். அதில் 30 மி.லி. எடுத்து நுரைக்க அடித்து, சர்க்கரையைப் பகுதி பகுதியாகச் சேருங்கள். எலுமிச்சையும் வெனிலாவும் சேர்ந்தால் கடலை வாசனை தெரியாது. கிண்ணத்தில் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை நிற்காது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் பழைய பசை எப்படியும் ஒட்டியிருக்கும், எவர்சில்வர் எடுங்கள்.

கடையில் வாங்கும் ஐசிங் சர்க்கரையில் கட்டி தட்டாமலிருக்கச் சோளமாவு கலந்திருப்பது வழக்கம். ஒன்றாம் நம்பர் நாசிலை (ஐசிங் பிழியும் கோனின் மெல்லிய முனை) அடைப்பது பெரும்பாலும் சலிக்காமல் விட்ட சிறு கட்டிதான், இரண்டு முறை சலியுங்கள். பீட்டர் குறைந்த வேகத்தில் நான்கைந்து நிமிடம் ஓடினால் போதும். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழி சேர்ந்து கோடு பொரபொரவென்று உடையும். கேக் ஐசிங் குறிப்புகளில் வரும் கிளிசரினை இங்கே விடாதீர்கள், இறுகவே இறுகாது.

பதம் மருதாணிக் கோனில் இருப்பது போல: கரண்டியைத் தூக்கினால் முனை நின்று, நுனி மட்டும் லேசாக வளைய வேண்டும். பிழியும்போது நுனியைக் குக்கீயில் தேய்த்து இழுக்காதீர்கள். தொடங்கும் இடத்தில் தொட்டு, ஒரு செ.மீ. உயரத்துக்குத் தூக்கி, இழையைத் தொங்கவிட்டு, வேண்டிய இடத்தில் படுக்க வையுங்கள். கோலமாவு விரலிடுக்கிலிருந்து விழுவதைப் பாருங்கள், விரல் தரையைத் தொடுவதில்லை. இழை அறுந்தால் ஐசிங் கெட்டி அல்லது கை வேகம். நெளிந்தால் அழுத்தம் அதிகம்.

சிவப்பு கசிந்ததற்கு ஈரம் பாதிக் காரணம், கலர் அதிகமானது மீதி. திரவக் கலர் ஐசிங்கை நீர்க்க வைக்கும், ஜெல் கலர்தான் வேண்டும். அடர் சிவப்பு, கறுப்பை முதல் நாளே கலந்து மூடி வையுங்கள், நிறம் தானே ஏறும், கலர் குறைவாகச் செலவாகும். வெள்ளை வேலை முழுக்கக் காய்ந்த பிறகு, கடைசியாகச் சிவப்பைத் தொடுங்கள்.

எங்காவது ஊற்றி நிரப்பியே ஆக வேண்டுமென்றால், சின்னப் பகுதிக்கு மட்டும். கத்தியால் கீறிய தடம் 15 விநாடியில் மறைய வேண்டும். 5 விநாடியில் மறைந்தால் நீர்த்துவிட்டது, காயும்போது நடுவில் குழி விழும். ஊற்றிய உடனே டேபிள் ஃபேன் முன் வையுங்கள். ஏசி அறை இன்னும் நல்லது, அது ஈரத்தையும் எடுத்துவிடும்.

ஃபிரிட்ஜ் மட்டும் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்த்து, ஃபாண்டன்ட் பளபளத்து, கோடெல்லாம் கரையும். முழுக்கக் காய்ந்தபின், இடையிடையே பட்டர் பேப்பர் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கினால் ஒரு வாரம் தாங்கும். காயாமல் மூடினால் உள்ளே இருக்கும் ஈரமே எழுத்தைக் கரைத்துவிடும்.