கண்ணாடி மணி டார்ச்சுக்கு எந்த வாயு?

கேள்வி: மாலையில் கோக்கும் கண்ணாடி மணி செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. மேசையில் பொருத்தும் சிறிய டார்ச் ஒன்று வாங்கப் போகிறேன். எரிபொருளுக்குப் புரொப்பேன், பியூட்டேன், மேப் வாயு, அசிட்டிலீன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதன் சுடர் அதிக வெப்பமோ அதை வாங்குவதுதானே சரி? சமையலறைச் சிலிண்டரையே இணைத்துக்கொண்டால் என்ன?

பதில்: புரொப்பேன் வாங்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுவே முழுப் பதில். ஆனால் "எதன் சுடர் அதிக வெப்பமோ" என்று நீங்கள் கேட்டிருப்பதைச் சும்மா விட முடியாது. புதியவர்கள் பணத்தைக் கொட்டி ஏமாறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

காற்றோடு கலந்து எரியும் புரொப்பேன் சுடரின் வெப்பநிலை கணக்குப்படி 1,950 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். தூய ஆக்சிஜனோடு எரித்தால் சுமார் 2,800. அசிட்டிலீனை ஆக்சிஜனோடு எரித்தால் 3,100 வரை போகும். மணி செய்வோர் வழக்கமாகத் தொடங்கும் மென்கண்ணாடியோ 1,000 டிகிரிக்குக் கீழேயே தேன்போல் இளகி வழியத் தொடங்கிவிடுகிறது. ஆக, காகிதத்தில் பார்த்தால் எல்லா வாயுவும் தேவைக்கு மேலேயே சூடு தருகிறது. வேலையில் உங்களுக்குத் தெரியப்போகும் வேறுபாடுகள் வேறு இரண்டு: நிமிடத்துக்கு எவ்வளவு வெப்பம் கண்ணாடிக்குள் இறங்குகிறது, சுடர் எவ்வளவு தூய்மையாக எரிகிறது.

வெப்பம் இறங்கும் வேகத்தைத் தீர்மானிப்பதில் வாயுவைவிட டார்ச்சுக்கே பங்கு அதிகம். தொடக்கநிலை டார்ச்சுகள் இரு வகை. ஒன்று, எரிவாயுவை மட்டும் சிலிண்டரிலிருந்து எடுத்துக்கொண்டு, பக்கத்துளைகள் வழியே அறைக்காற்றை இழுத்து எரிப்பது. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். மீதி நைட்ரஜன் எரிய உதவாமல் வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடும். அதனால் சுடர் அகன்று, இரைச்சலாக, மெதுவாக வேலை செய்யும். விலை குறைவு, இணைப்பும் எளிது. மற்றொன்று, எரிவாயுவுக்கும் ஆக்சிஜனுக்கும் தனித்தனிக் குழாய் கொண்டது. இரண்டும் டார்ச்சின் முகப்புக்கு வெளியே வந்த பிறகுதான் கலக்கும். ஆக்சிஜனுக்குச் சிலிண்டர் வைக்கலாம், அல்லது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் வைக்கலாம். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் இயந்திரமே ஒரு சிறிய டார்ச்சுக்குப் பெரும்பாலும் போதும்.

இரண்டாம் வகையை வாங்குகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், புரொப்பேன்தான். ஆக்சிஜன் இருக்கும்போது வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. போரோசிலிக்கேட் போன்ற கடினக் கண்ணாடியையும், மணி சிறிதாக இருக்கும்வரை, இளக்க முடியும். விலை உயர்ந்த வாயுவை இந்த டார்ச்சில் எரிப்பது வீண்.

முதல் வகையானால் மேப் வாயுவுக்கு ஓரளவு நியாயம் உண்டு. மெத்தில் அசிட்டிலீனும் புரொப்படையீனும் கலந்த பழைய மேப் வாயுவின் உற்பத்தி வட அமெரிக்காவில் 2008-இல் நின்றுவிட்டது. இன்று அதையொத்த பெயர்களில் விற்கப்படுவது பெரும்பாலும் புரொப்பிலீன்தான். அது புரொப்பேனைவிடச் சற்றுக் கூடுதல் வெப்பத்தில் எரியும். காற்றை மட்டும் நம்பும் டார்ச்சில் அந்தச் சிறு வேறுபாடு கைக்குத் தெரியும்: கண்ணாடிக் குச்சி கொஞ்சம் முன்னதாக இளகும், பெரிய மணியை உருட்டும்போது காத்திருக்கும் நேரம் குறையும். ஆனால் கடைகளில் பெரும்பாலும் சிறிய சிலிண்டரில்தான் கிடைக்கும், விலையும் அதிகம். கற்றுக்கொள்ளும் காலத்தில் வாயு தண்ணீராய்ச் செலவாகும். அப்போது இந்த விலை உறுத்தும். என் யோசனை: புரொப்பேனில் தொடங்குங்கள், மெதுவாக இளகுவது முதலில் உங்களுக்கு நன்மையே. கண்ணாடி எப்போது தொய்கிறது, மணியைத் தாங்கும் கம்பியை எப்போது சுழற்ற வேண்டும் என்பதைக் கை பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். பொறுமை போகும்போது மேப்புக்கு மாறுவதைவிட ஆக்சிஜனுக்குப் பணம் சேர்ப்பது மேல்.

இனி தூய்மை. எரிவாயு அதிகமாகவும் ஆக்சிஜன் குறைவாகவும் இருந்தால் சுடர் கண்ணாடியின் நிறமியிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். செம்பு ஆக்சைடால் நிறம் பெற்ற நீலப்பச்சைக் குச்சிகளில் இது உடனே தெரியும்: மேற்பரப்பில் செம்பழுப்பு ஏடு படியும், உலோகச் செம்பு அங்கே வெளிவந்திருக்கிறது என்று பொருள். தந்த நிறக் கண்ணாடி சாம்பல் பூக்கும். நிறமற்ற கண்ணாடியில் புகை படிந்ததுபோல ஒரு மங்கல் வரும். குச்சி மட்டம் என்று புதியவர்கள் கடைக்காரரைத் திட்டுவது பெரும்பாலும் இந்த நிலையில்தான். டார்ச்சின் முகப்பை ஒட்டி வேலை செய்யாமல் சுடரின் வெளிப்பகுதிக்கு மணியை நகர்த்துங்கள்; ஆக்சிஜன் திருகு இருந்தால் சற்றுக் கூட்டுங்கள். காற்று டார்ச்சில் திருகு இல்லாததால் தூரம் ஒன்றே உங்கள் கட்டுப்பாடு. வெள்ளி கலந்த சில கண்ணாடிகளில் பளபளப்பு வரவழைக்க இதே குறை-ஆக்சிஜன் சுடரை வேண்டுமென்றே வைப்பதும் உண்டு. அது பிற்பாடு கற்க வேண்டிய வித்தை.

அசிட்டிலீன் இங்கேதான் தோற்கிறது. கார்பன் விகிதம் அதில் மிக அதிகம். கொஞ்சம் ஆக்சிஜன் குறைந்தாலே கரி கக்கும், கண்ணாடி அழுக்காகும். போதாததற்குக் குணமும் முரடு. சுற்றியுள்ள காற்றழுத்தத்தைவிட ஏறத்தாழ 1 பார் (பார் என்பது அழுத்த அலகு) கூடுதலுக்கு மேல் தனி வாயுவாக இருந்தால் ஆக்சிஜன் இல்லாமலே சிதைந்து வெடிக்கக்கூடியது. அதனால்தான் சிலிண்டருக்குள் அசிட்டோனில் கரைத்து அடைக்கிறார்கள். உலோகப் பற்றவைப்புக்கு அருமையான வாயு, மணிக்கு வேண்டாம்.

பியூட்டேன், கையடக்க டார்ச்சுகளில் வருவது. வெப்பநிலையில் புரொப்பேனுக்கு இளைத்ததில்லை. ஆனால் அதன் கொதிநிலை ஏறக்குறைய 0 டிகிரி, புரொப்பேனுக்கோ மைனஸ் 42. அறை குளிர்ந்தாலோ, எரிய எரியச் சிலிண்டர் சில்லிட்டாலோ பியூட்டேனின் அழுத்தம் விழுந்து சுடர் சோர்ந்துபோகும். கையடக்க டார்ச்சின் சுடரும் சிறியது. ஒரு சின்ன உருண்டை செய்யலாம், ஒழுங்கான மணிக்குப் போதாது. சிலிண்டர் சில்லிடும் தொல்லை சிறிய புரொப்பேன் சிலிண்டருக்கும் உண்டு. வெளியே பனி படிந்து சுடர் தளர்ந்தால் சற்று நிறுத்தி ஓய்வு கொடுங்கள். வெந்நீரில் வைப்பது, தீயில் காட்டுவது எதுவும் கூடாது.

சமையலறைச் சிலிண்டருக்கு வருவோம். அதிலிருப்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. விகிதம் இடத்துக்கு இடம் மாறும். எரியத்தான் செய்யும். சிக்கல் ரெகுலேட்டரில். அடுப்புக்கான ரெகுலேட்டர் சுமார் 0.03 பார் அழுத்தத்தில்தான் வாயுவை விடும். ஆக்சிஜன் டார்ச்சுகள் பலவற்றுக்கு இதைப்போல் பத்து மடங்கு வேண்டும். காற்றிழுக்கும் டார்ச்சுக்கு இன்னும் அதிகம். அதனால் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அவர் எவ்வளவு அனுபவசாலியானாலும் கேட்காதீர்கள். உங்கள் டார்ச்சைச் செய்தவர் எந்த வாயு, எந்த அழுத்தம், எந்த ரெகுலேட்டர் என்று குறிப்பேட்டில் தந்திருப்பார். அதை மீறுவதற்கு எந்தச் சிக்கனமும் ஈடாகாது. குழாய்வழி இயற்கை எரிவாயு உள்ள வீடானால், ஆக்சிஜனோடு குறைந்த அழுத்தத்தில் இயங்குமாறு செய்யப்பட்ட டார்ச்சுக்கு அது நல்ல மாற்று. காற்றைவிட இலேசானது, சுத்தமாக எரியும், சிலிண்டர் தூக்கும் வேலையும் இல்லை. இணைப்பை மட்டும் உரிமம் பெற்ற தொழிலாளியிடம் விடுங்கள்.

புரொப்பேனின் ஒரே பெரிய குறை அதன் எடை. காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். காற்றில் 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே பற்றிக்கொள்ளும். நிலவறையில் பட்டறை வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். பெரிய சிலிண்டரைக் கட்டடத்துக்கு வெளியே, நிமிர்த்தி, சாயாதபடி கட்டி வையுங்கள். வேலை முடிந்ததும் சிலிண்டரின் வால்வையே மூடுங்கள், டார்ச்சின் திருகை மட்டும் நம்ப வேண்டாம். கசிவு தெரிய மணம் சேர்த்திருப்பார்கள் என்றாலும், ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். எந்த வாயுவானாலும் சுடருக்கு மேலே புகைபோக்கி விசிறியும், புதுக்காற்று உள்ளே வர ஒரு வழியும் வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

ஆக்சிஜன் டார்ச்சானால் பற்றவைக்கும்போது முதலில் புரொப்பேன், பிறகு ஆக்சிஜன். அணைக்கும்போது முதலில் ஆக்சிஜன், கடைசியில் புரொப்பேன். ஆக்சிஜன் இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. எரிவாயு இணைப்புகளின் மரை பெரும்பாலும் இடப்பக்கமாகத் திரும்பும், திறக்கவில்லையே என்று ஸ்பேனரால் மல்லுக்கட்ட வேண்டாம். குழாய் வாங்கும்போது புரொப்பேனுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். அசிட்டிலீனுக்கு மட்டும் தயாரித்த ரப்பர் குழாய்கள் புரொப்பேன் பட்டால் நாளடைவில் உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.