நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானியைப் பற்றி 2003இல் வந்த டிவி படம் இப்போதும் பார்க்கத் தகுந்ததா?

நான் அதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒளிபரப்பான அன்றே ஒரு முறை, அப்புறம் போன மாதம் மகளோடு ஒரு முறை. ஜேம்ஸ் வுட்ஸ் நடிப்புக்காகத் தாராளமாகப் பார்க்கலாம். ஜூலியானி யார், நியூயார்க்கை என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தீர்கள் என்றால் பாதிதான் கிடைக்கும்.

படத்தைத் தெரியாதவர்களுக்கு: 'ரூடி: தி ரூடி ஜூலியானி ஸ்டோரி'. அமெரிக்காவின் யூஎஸ்ஏ நெட்வொர்க் என்ற கேபிள் சேனல் 2003 மார்ச் கடைசியில் காட்டியது. இயக்கம் ராபர்ட் டோர்ன்ஹெல்ம். மேயராக வுட்ஸ், மனைவி டானா ஹானோவராக பெனலோப்பி ஆன் மில்லர். வுட்ஸ் பெயர் அந்த வருட எம்மி விருதுப் பரிந்துரைப் பட்டியலில் வந்தது.

நாங்கள் ஐந்து பேர் அப்போது ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். வேலை லோயர் மன்ஹாட்டனில். முன்பெல்லாம் ஆற்றைக் கடந்து நியூயார்க் போகும் பாத் ரயிலில் ஏறினால் உலக வர்த்தக மையத்தின் அடியிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். செப்டம்பர் 11க்குப் பிறகு அந்த ஸ்டேஷன் மூடிக் கிடந்தது. 2003 நவம்பரில்தான் திரும்பத் திறந்தார்கள். அதுவரை 33ஆம் தெரு வரை போய், அங்கிருந்து சப்வே பிடித்து மறுபடி தெற்கே வருவோம். தினமும் அந்தச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால் எப்படிப் பார்ப்பார்கள்? மேயர் புழுதியில் நடந்து வரும் காட்சி வந்தபோது வீட்டில் ஒருவரும் பேசவில்லை. வழக்கமாக விளம்பர இடைவேளையில் சோறு போட எழுந்து போகிறவன்கூட உட்கார்ந்தே இருந்தான்.

மறுநாள் எங்கள் அலுவலகக் கட்டடத்தின் செக்யூரிட்டியிடம் படத்தைப் பற்றி உற்சாகமாகச் சொன்னேன். ஹெய்ட்டிக்காரர், புரூக்ளினில் ஃப்ளாட்புஷ் பக்கம் வீடு. படம் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அந்த ஆளை நான் எட்டு வருஷம் நேரிலேயே பார்த்துவிட்டேன்" என்றார். அப்புறம், பாட்ரிக் டோரிஸ்மண்டைத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது.

டோரிஸ்மண்டும் செக்யூரிட்டி வேலை பார்த்தவர்தான், ஹெய்ட்டி வம்சாவளி, வயது 26. 2000 மார்ச்சில் ஓர் இரவு சாதாரண உடையில் வந்த போலீஸ்காரர் ஒருவர் அவரிடம் போதைப்பொருள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இவர் கோபப்பட, கைகலப்பாகி, சுடப்பட்டு இறந்தார். கையில் ஆயுதம் இல்லை. மேயர் என்ன செய்தார் தெரியுமா? டோரிஸ்மண்ட் சிறுவனாக இருந்தபோது பதிவாகி முத்திரையிட்டு மூடி வைத்திருந்த போலீஸ் பதிவை எடுத்து வெளியிட்டார். அவர் ஒன்றும் தேவாலயத்தில் பூசைக்கு உதவும் பையன் இல்லை, அதாவது அப்படியொன்றும் நல்லவன் இல்லை, என்றும் சொன்னார். உண்மையில் டோரிஸ்மண்ட் சின்ன வயதில் பூசைக்கு உதவும் பையனாகவே இருந்தவர். ஜூலியானி படித்த அதே கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் படித்தவரும்கூட. செக்யூரிட்டி இதை எனக்குச் சொல்லும்போது அவர் குரல் உயரவே இல்லை. வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்.

இங்கேதான் படத்தோடு எனக்குப் பிரச்சினை. அது செப்டம்பர் 11 காலையில் தொடங்கி, பின்னால் போய், திரும்ப அந்த நாளுக்கே வந்துகொண்டிருக்கிறது. திரைக்கதைக்கு இது வசதி. ஆனால் அந்த மனிதரின் முரட்டுத்தனம், யாரையும் மதிக்காத பேச்சு, விசுவாசம் பார்த்து ஆள் வைத்துக்கொள்வது எல்லாமே, 'இப்படி ஒருவர் இருந்ததால்தானே அந்த நாளைத் தாங்க முடிந்தது' என்ற கணக்கில் போய் விழுந்துவிடுகிறது. எரியும் கோபுரத்தை ஒரு பக்கம் காட்டினால் மறுபக்கம் எதைக் காட்டினாலும் எடுபடாது.

வேடிக்கை என்னவென்றால் படத்துக்கு மூலமான புத்தகம் அப்படிப்பட்டதே இல்லை. வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையின் வேய்ன் பாரெட் 2000இல் எழுதியது. ஜூலியானியை விடாமல் துரத்திய நிருபர். மேயராகும் முன் அரசு வழக்கறிஞராக மாஃபியாக்காரர்களைச் சிறைக்கு அனுப்பிப் பெயர் வாங்கிய ஜூலியானியின் அப்பாவே 1934இல் பால்காரர் ஒருவரிடம் கொள்ளையடித்து சிங் சிங் சிறையில் இருந்தவர் என்று தோண்டி எடுத்தது அந்தப் புத்தகம்தான். அது வெளிவந்த அடுத்த வருடம் கோபுரங்கள் விழுந்தன, டைம் பத்திரிகை ஜூலியானியை 2001இன் முக்கிய மனிதராகத் தேர்ந்தெடுத்தது. டிவிக்காரர்கள் புத்தகத்தை வாங்கி அதற்கு நேர் எதிரான உறையைப் போட்டுவிட்டார்கள்.

அந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அவர் தெருவில் இருந்தது துணிச்சல்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று நிருபர்கள் கேட்டபோது, நம்மில் யாராலும் தாங்க முடியாத அளவுக்கு இருக்கும் என்று சொன்னார் பாருங்கள், அந்த ஊருக்கு அன்றைக்கு அது தேவைப்பட்டது. ஆனால் மேயர் ஏன் தெருவில் அலைந்தார்? நகரத்தின் அவசரகாலக் கட்டளை மையத்தை உலக வர்த்தக மையத்தின் 7ஆம் கட்டடத்தில், 23ஆம் மாடியில் அவருடைய நிர்வாகம்தான் வைத்திருந்தது. 1993லேயே குண்டு வைக்கப்பட்ட வளாகம் அது. அன்று மாலை அந்தக் கட்டடமும் விழுந்தது. அன்று இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். வெளியே வாருங்கள் என்ற உத்தரவு வடக்குக் கோபுரத்தில் இருந்த பலருடைய ரேடியோவுக்குப் போய்ச் சேரவில்லை. ரேடியோ சரியில்லை என்பது 1993லேயே தெரிந்த விஷயம்.

குற்றம் குறைந்த கதையும் இதே மாதிரிதான். 1990இல் நியூயார்க்கில் 2,200க்கு மேல் கொலை. அவர் பதவியை விட்ட 2001இல், கோபுரத் தாக்குதலில் இறந்தவர்களைச் சேர்க்காமல், 650 அளவு. பெரிய இறக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் இறங்கத் தொடங்கியது அவருக்கு முந்தைய மேயர் டேவிட் டிங்கின்ஸ் காலத்தில். சிக்னலில் நிற்கும் காரின் கண்ணாடியைக் கேட்காமலே துடைத்துவிட்டுக் காசு கேட்பவர்களை விரட்டியது ஜூலியானி என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வேலையைத் தொடங்கியதும் டிங்கின்ஸின் கடைசி மாதங்களில்தான். நகரத்தின் முதல் கறுப்பின மேயரான டிங்கின்ஸ், 1989 மேயர் தேர்தலில் ஜூலியானியைச் சுமார் 47,000 ஓட்டில் தோற்கடித்தார். 1993இல் சுமார் 53,000 ஓட்டில் இவரிடம் தோற்றார். சரி, வரலாறு யாருக்கு டிவி படம் எடுக்கிறது என்பது வேறு கதை.

மனைவியாக மில்லர் வரும் காட்சிகளில்தான் எனக்கு அந்த மனிதர் உண்மையில் பிடிபட்டார். 2000 மே மாதம் ஜூலியானி பிரையன்ட் பூங்காவில் நிருபர்களைக் கூட்டி மனைவியைப் பிரியப்போவதாக அறிவித்தார். அந்த அறிவிப்பு வரப்போவது மனைவிக்குத் தெரியாது. அந்த மனைவியே ஒரு டிவி செய்தியாளர். இதைவிட ஒரு திரைக்கதை ஆசிரியர் எதைக் கற்பனை செய்துவிட முடியும்? வுட்ஸும் கண்ணைச் சுருக்கி, தலையை முன்னால் நீட்டி, எதிரில் இருப்பவரை வெட்டிப் பேசும் தோரணையை அப்படியே பிடித்திருக்கிறார். (ஜூலியானிக்கு வாராவாரம் ரேடியோ நிகழ்ச்சி உண்டு. 1999இல் ஒருவர் போன் செய்து, ஃபெரட் என்ற கீரி மாதிரியான பிராணியை வீட்டில் வளர்க்க ஏன் தடை என்று கேட்டதற்கு, உனக்கு மனநோய், போய் மருத்துவரைப் பார் என்ற ரீதியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். தேடிக் கேளுங்கள். படத்தைவிட நல்ல பாத்திரப் படைப்பு.)

இந்த முறை பார்க்கும்போது மகள் பாதியில் நிறுத்தி, "அப்பா, முகத்தில் முடிச்சாயம் வழிஞ்சதே, அந்தத் தாத்தாவா இவரு?" என்றாள். அவள் 2001க்குப் பிறகு பிறந்தவள். அவளுக்குத் தெரிந்த ஜூலியானி 2020 நவம்பரில் ட்ரம்பின் வழக்கறிஞராகத் தேர்தல் மோசடி என்று பேசிக்கொண்டிருந்தவர். சாயம் வழிந்தது அப்போதுதான். அப்புறம் 2023இல் ஜார்ஜியாவின் தேர்தல் ஊழியர்கள் இரண்டு பேரை அவதூறு செய்ததற்காக 14.8 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு, அடுத்த சில நாளில் திவால் மனு, 2024இல் நியூயார்க்கில் வழக்கறிஞர் உரிமம் பறிப்பு. இதையெல்லாம் 2003இல் யாரும் எழுதியிருக்க முடியாதுதான். ஆனால் டோரிஸ்மண்டின் பதிவை வெளியிட்ட மேயரை அந்தப் படம் நிதானமாகக் காட்டியிருந்தால், என் மகள் இவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள்.

நகர அரசியலைப் பற்றி நல்ல டிவி படைப்பு வேண்டும் என்றால் எச்பிஓவின் 'ஷோ மீ எ ஹீரோ' (2015) பாருங்கள், ஆறு பாகம். நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸ் நகரத்தில் 28 வயதில் மேயரான நிக் வசிஸ்கோவின் கதை. வெள்ளையர் பகுதிகளில் ஏழைகளுக்கு 200 அரசு வீடுகள் கட்டச் சொல்லி நீதிமன்ற உத்தரவு, கவுன்சில் மறுக்கிறது, அபராதம் 100 டாலரில் தொடங்கி ஒவ்வொரு நாளும் இரட்டிப்பாகிறது. பத்தாவது நாள் எவ்வளவு என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு முதல் பாகத்தைத் தொடங்குங்கள்.