ஐல் றோயல் தீவில மினோங் ரிட்ஜ் பாதை: மலை ஏறிப் பழக்கமில்லாத ஆளால நடக்க ஏலுமா?

கேட்டவர் திருகோணமலையாம், வாற ஆவணி மினசோட்டாவில இருக்கிற அக்காட்ட போகேக்க இந்தத் தீவுக்கும் போற பிளானாம், ஆனா கடற்கரையில நடந்ததைத் தவிர வேற பழக்கம் இல்லையாம். நானும் உப்புவெளி தான் தம்பி. மச்சானோட போய் நடந்திட்டு வந்தனான். ஏலும். ஆனா ஏத்தத்தை நினைச்சுப் பயப்பிடாதேங்கோ, சப்பாத்தையும் தண்ணியையும் நினைச்சுப் பயப்பிடுங்கோ.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையில கிடக்கிற சுப்பீரியர் வாவி முழு இலங்கையையும் விடப் பெரிசு, அதுக்குள்ள 72 கிலோமீற்றர் நீளத்தில கிடக்கிற தீவு இது. ஆக உயரமான இடமே 425 மீற்றர் தான். ரோட்டு இல்லை, வாகனம் இல்லை, போன் சிக்னலும் இல்லை எண்டே நினைச்சுக்கொண்டு போங்கோ. நவம்பர் 1ல இருந்து ஏப்ரல் 15 வரை பூட்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 டொலர் கட்டணம்.

மினோங் பாதை என்ன செய்யும் எண்டா, ஒரேயடியா ஏத்தாது, மொட்டைப் பாறையில ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி முழங்காலைக் கழட்டும், கோணேசர் கோயில் ஏத்தத்தை முதுகில 15 கிலோவோட ஒரு நாளைக்கு இருபது தரம் ஏறி இறங்கினா எப்பிடி இருக்கும் அப்பிடி. பாறையில பாதை தெரியாது, கல்லை அடுக்கி வச்சிருப்பினம், அதைப் பார்த்துப் பார்த்துத் தான் போகவேணும். தீவின்ட படகுத் துறையான வின்டிகோவில இறங்கினா முதல் முகாம் நோர்த் லேக் டிசோர், 20 கிலோமீற்றர், இடையில வேற முகாம் இல்லை. முதல் நாள் தான் பை ஆகப் பாரம், அண்டைக்குத் தான் ஆகத் தூரம்.

அண்டைக்குத் தான் என்ட சப்பாத்தும் வாய் பிளந்தது. நாலு வருசமா அலுமாரிக்கு மேல பெட்டியில கிடந்தது, பார்க்கப் புத்தம் புதுசு, எங்கட கடற்காத்துக்கு அடியில இருக்கிற பஞ்சு மாதிரிச் சாமான் சும்மா கிடந்தே உக்கிப் போகும் எண்டு ஆர் கண்டது. அடி கையோட கழண்டு வந்திட்டுது, உள்ளுக்குப் பார்த்தா பழைய ரஸ்க் மாதிரி உதிருது. மச்சான் ஒண்டும் பேசேல்ல, கூடாரக் கயிறை வெட்டி, கோயில் வாசல்ல வாழை கட்டுற மாதிரிச் சுத்திக் கட்டி, மேல டேப் ஒட்டினான், பாறையில உரஞ்சி ஒரு மணித்தியாலத்தில டேப் தேஞ்சிடும், திரும்ப ஒட்டுறது, அப்பிடியே மூண்டு நாள். அங்கத்தை நரியள் முகாமுக்க வந்து ஆக்களிட சப்பாத்தைக் கூடத் தூக்கிக்கொண்டு போகுமாம், என்டதை அதுகளும் தொடேல்ல. நீங்க போறதுக்கு ஒரு மாசத்துக்கு முதலே சப்பாத்தை எடுத்துப் போட்டு மட்டிக்களிப் பக்கம் நாலு தரமாவது நடந்து பாருங்கோ.

பீவர் எண்டுற மிருகம் தடியால கட்டின அணைக்கு மேலால கடக்கிற இடங்களும் வரும், தம்பலகாமத்தில வயல் வரம்பில நடந்த ஆளெண்டா பிரச்சினை இல்லை, ஆனா இந்த வரம்பு முழுக்கத் தடி, கால் வச்சா உள்ள போகும்.

தண்ணி. சுத்திவர நல்ல தண்ணி, ஆனா அப்பிடியே குடிக்க ஏலாது. ஓநாயிட்ட இருந்து வாற நாடாப்புழு முட்டை கலந்திருக்கலாம். சுனாமிக்குப் பிறகு கிணத்துக்குக் குளோரின் போட்டுக் குடிச்ச ஆக்கள் எண்டதால நான் குளிசையோட போய் நிண்டனான், அந்த முட்டைக்குக் குளிசை வேலை செய்யாது எண்டு அங்க தான் விளங்கினது. நல்லாக் கொதிக்க வைக்கவேணும், இல்லாட்டி 0.4 மைக்ரோன் அல்லது அதைவிடச் சின்னக் கண்ணுள்ள ஃபில்டர் வேணும். காஸ் டின் பிளேனில கொண்டு போக ஏலாது, அங்க வாங்குங்கோ.

சாப்பாட்டுக்கு சமபோச உருண்டை நல்லம், தேங்காய்ப்பூ மட்டும் போடாதேங்கோ, புளிச்சிடும்.

கரடி இல்லை. ஓநாய் 2018ல ரெண்டே ரெண்டு தான் மிஞ்சி, பிறகு வெளியில இருந்து 19 கொண்டு வந்து விட்டவை, நாங்கள் கண்டது காலடி மட்டும் தான். மூஸ் எண்டுற எருமையளவு மான் விடிய வாவிக்க நிண்டு தலையைத் தாட்டுத் தாட்டுப் பாசி திண்டுகொண்டு நிண்டது, வாயால தண்ணி ஊத்துற சத்தம் கூடாரத்துக்குள்ள கேட்டது. குட்டியோட நிண்டா கிட்டப் போகாதேங்கோ.

நடந்து முடிச்சா பாதை முடியிற மக்கார்கோ கோவ் துறையில படகு எடுக்கலாம், ஆனா மினசோட்டாக் கரையில இருக்கிற கிரான்ட் போர்டேஜில படகேறி வெளிக்கிடேக்கயே அதுக்கும் சேர்த்து புக் பண்ணிப்போடுங்கோ.

என்ட ஃபில்டர் இப்ப வீட்டில சும்மா தான் கிடக்கு, உப்புவெளிப் பக்கம் வந்தா வாங்கிக்கொண்டு போங்கோ. சப்பாத்துக் கேக்காதேங்கோ.