நாய்த் தோலில் சீழ்க்கொப்புளம்: பெம்பிகஸ் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: என் நாய்க்கு மூக்குத்தண்டிலும் காது மடலிலும் கொப்புளம், பொருக்கு. ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறையவில்லை. பெம்பிகஸாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். அது என்ன?

பதில்: மேல்தோலின் செல்கள் டெஸ்மோசோம் என்ற இணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன, சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரி. அங்கே பிடித்து நிற்பவை டெஸ்மோக்ளீன், டெஸ்மோகோலின் என்ற இரண்டு வகைப் புரதங்கள். பெம்பிகஸில் ஒரு வகையான பெம்பிகஸ் ஃபோலியேசியஸில் நாயின் உடலே இவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உண்டாக்குகிறது. பிடி விட்ட செல்கள் உருண்டு திரண்டு மிதக்கும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வந்து குவியும். நீங்கள் பார்க்கும் சீழ் அதுதான். முகத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், பாத மெத்தையிலும் பொருக்குத் தட்டும்.

உடையாத கொப்புளம் ஒன்றிலிருந்து சீழெடுத்து ஸ்லைடில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பயாப்ஸி, அதாவது தோலில் சிறு துண்டெடுத்துச் சோதிப்பது. அதுவரை பொருக்கை உரிக்காதீர்கள். பயாப்ஸி எடுக்கும் இடத்தைத் தேய்த்துக் கழுவவும் கூடாது. பிரிந்த செல்கள் அந்தப் பொருக்குக்குள்தான் இருக்கின்றன.

கேள்வி: மற்ற நாய்க்குத் தொற்றுமா?

பதில்: பெம்பிகஸ் தொற்றாது.

கேள்வி: வேப்பிலை அரைத்துப் பூசலாமா?

பதில்: வேண்டாம். பூசிக் கழுவினால் பொருக்கு போய்விடும்.

கேள்வி (கால்நடை மருத்துவ மாணவர்): பெம்பிகஸ் ஃபோலியேசியஸில் ஆன்டிபாடி தாக்குவது டெஸ்மோக்ளீன்-1 என்றுதானே படித்தோம்?

பதில்: மனிதருக்கு அது சரி. நாய்க்கும் அதுதான் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2012இல் வெளியான ஆய்வு, நாய்களில் முக்கிய இலக்கு டெஸ்மோகோலின்-1 என்று காட்டியது. டெஸ்மோக்ளீன்-1க்கு எதிரான ஆன்டிபாடி சில நாய்களிடம் மட்டுமே இருக்கிறது.

அதே மாணவர்: ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சு டெஸ்மோக்ளீன்-1ஐ வெட்டினால் நாய்க்கும் கொப்புளம் வருகிறதே? அப்படியானால் நாயிலும் அதுதானே முக்கியம்?

பதில்: நல்ல கேள்வி. ஆனால் இரண்டு விஷயங்களை ஒன்றாக்குகிறீர்கள். செல்களைப் பிடித்து வைப்பது எது என்பது ஒன்று. நோயெதிர்ப்பு மண்டலம் எதைக் குறிவைக்கிறது என்பது வேறு. டெஸ்மோக்ளீன்-1 அறுந்தால் நாய்த் தோல் பிரியும், அதில் சந்தேகமில்லை. அதனால் ஆன்டிபாடியும் அதன்மேல்தான் பாய வேண்டும் என்று ஆகாது.

அதே மாணவர்: எந்தப் புரதமானால் என்ன? எப்படியும் ஸ்டீராய்டுதானே கொடுக்கப் போகிறோம்?

பதில்: இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மனிதருக்கான டெஸ்மோக்ளீன்-1 ரத்தப் பரிசோதனையை நம்பினால் நாயின் நோயைத் தவற விடுவோம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு: அந்த நச்சினால் வரும் இம்பெடிகோ என்ற தோல் தொற்றிலும், ட்ரைக்கோஃபைட்டான் பூஞ்சையிலும் செல்கள் இதே போலப் பிரிந்து மிதக்கும். ஸ்லைடை மட்டும் பார்த்துவிட்டு பெம்பிகஸ் என்று நோயெதிர்ப்பை அடக்கும் அளவுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால், பூஞ்சை உடலெங்கும் பரவலாம். பூஞ்சையைக் காட்டும் சாயமும் கல்ச்சரும் (பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனை) இல்லாமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: பொருக்கு அசிங்கமாக இருக்கிறது, ஊறவைத்து எடுக்கலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். பயாப்ஸி முடியும்வரை தொடாதீர்கள்.

கேள்வி: பொருக்கு மேல் ஆயின்ட்மென்ட்?

பதில்: பயாப்ஸிக்கு முன் எதுவும் பூச வேண்டாம். இதே கேள்வியை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து தோல் சரியாகிவிட்டது. நிறுத்திவிடலாமா?

பதில்: திடீரென்று கூடவே கூடாது. ஸ்டீராய்டு தொடர்ந்து கொடுக்கும்போது அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று நிறுத்தினால் நாய் துவண்டு விழலாம், உயிருக்கே ஆபத்து. நோயும் திரும்பும். டாக்டர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறையுங்கள். அளவைக் குறைக்கவே முடியவில்லை என்றால் சைக்ளோஸ்போரின், அசதையோப்ரின் மாதிரித் துணை மருந்து பற்றிக் கேளுங்கள். அசதையோப்ரின் என்றால் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

கேள்வி: வாய்க்குள் புண் இருக்கிறது. அதுவும் இதுதானா?

பதில்: ஃபோலியேசியஸ் பொதுவாக வாய்க்குள் வராது. பெம்பிகஸ் வல்காரிஸ் வரும், அதில் இலக்கு டெஸ்மோக்ளீன்-3. சிறுநீரகக் கோளாறிலும் வாய்ப்புண் வரும். நேரில் காட்டுங்கள்.

கேள்வி: என் பூனைக்கு முடி கொட்டுகிறது.

பதில்: பூனை மருத்துவம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.