ஆவணத் தடயவியல் நிபுணர் என்பவர் யார்? அந்தப் பணிக்கு எவ்வாறு செல்வது?

கையெழுத்து, மை, தாள், அச்சு ஆகியவற்றை ஆராய்ந்து, ஓர் ஆவணம் உண்மையானதா, திருத்தப்பட்டதா, வேறொருவர் பெயரில் உருவாக்கப்பட்டதா என்று கருத்துரைப்பவரே ஆவணத் தடயவியல் நிபுணர். எழுதுவது பழக்கத்தால் தன்னிச்சையாக நிகழும் செயல் என்பதால், போலிக் கையொப்பமிடுபவர் பிறருடைய வடிவத்தைப் பின்பற்றும்போதே தம் சொந்தப் பழக்கத்தையும் அடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் போராட்டமே நடுக்கமாகவும், வேகமற்ற கோடாகவும், தேவையற்ற இடத்தில் பேனாவை எடுத்த தடமாகவும் தாளில் பதிகிறது. ஒருவருடைய நடையைப் போலி செய்பவர் சில அடிகளில் தடுமாறுவதைப் போன்றது இது.

ஆயினும் ஒப்பிடும் மாதிரியே போலியாக இருந்தால் நிபுணரும் ஏமாறுவார். ஹிட்லரே எழுதியவை என்று 1983-இல் வெளிவந்த போலியான 'ஹிட்லர் நாட்குறிப்புகள்' விவகாரத்தில், ஒப்பீட்டுக்குத் தரப்பட்ட மாதிரிகளிலும் அவற்றை உருவாக்கிய மோசடிக்காரரே எழுதியவை கலந்திருந்ததால் கையெழுத்து ஆய்வு தவறியது; ஹிட்லர் இறந்த பிறகே தாள் தயாரிப்பில் புகுந்த வெண்மையூட்டும் வேதிப்பொருள்தான் குட்டை உடைத்தது.

இப்பணிக்குப் பொதுவாக அறிவியல் பட்டமும், அனுபவமுள்ள ஆய்வாளரிடம் ஏறத்தாழ 2 ஆண்டுகள் முழுநேரப் பயிற்சியும் எதிர்பார்க்கப்படுகின்றன. காவல்துறை ஆய்வகம், வங்கி, குடிவரவுத் துறை ஆகியவற்றில் வாய்ப்புகள் உண்டு; கடவுச்சீட்டைப் புறஊதா ஒளியில் பார்ப்பது, அதில் இயந்திரத்தால் படிக்கப்படும் எழுத்து-எண் வரிசையில் பிழையைக் காட்டிக்கொடுக்கச் சேர்க்கப்பட்டுள்ள சரிபார்ப்பு இலக்கங்களைக் கணக்கிடுவது போன்ற அடையாள மோசடி ஆய்வும் இதன் கிளையே. நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் நிதானமாகப் பதிலளிக்கும் திறன், என் பார்வையில், நுண்ணோக்கியைக் கையாளும் திறனுக்குச் சற்றும் குறைந்ததன்று.

பலர் எண்ணுவதுபோல, கையெழுத்தைக் கொண்டு ஒருவருடைய குணத்தைக் கணிப்பது இத்துறையின் வேலை அன்று.