கராஃபைக் கழுவினவனைக் கேளுங்கள்

கேள்வி: அண்ணா, மகள் தன் முதல் சம்பளத்தில் தகப்பனுக்கு வைன் ஊற்றிவைக்கும் கண்ணாடிக் கராஃப் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அன்னம் மாதிரி வளைந்த கழுத்து. நாலு மாதத்தில் அடியில் சிவப்புக் கறை, மேலே வெள்ளைப் படலம். சவர்க்காரம் போட்டும் போகவில்லை. இப்போது வைனிலேயே சவர்க்கார மணம் என்று இவர் முகம் சுளிக்கிறார். மச்சாள் தன்னிடமுள்ள பழைய கிரிஸ்டல் கராஃபைத் தருகிறேன் என்கிறாள். வாங்கலாமா?
– ஒரு வாசகி, லா கூர்னேவ்

பதில்: தங்கச்சி, பாரிசுக்கு வந்த புதிதில் ஆறு வருடம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினவன் நான். அன்னக் கழுத்தைக் கண்டால் இன்றைக்கும் கை உளைகிறது. மேசையில் இருக்கும்போது அதை எல்லாரும் ரசிப்பார்கள். நடுச்சாமத்தில் தொட்டிக்குள் கிடக்கும்போது நான் மட்டும்தான்.

முதலில் சவர்க்காரத்தை நிறுத்துங்கள். ஒடுங்கிய கழுத்துக்குள் அது முழுதாக அலசுப்படாது. வைன் முடிந்த கையோடு நல்ல சூடான தண்ணீரால் மூன்று தரம் அலசினால் போதும். கொதிதண்ணீர் வேண்டாம், வெடித்துவிடும்.

வெள்ளைப் படலம் பெரும்பாலும் சுண்ணாம்பு. பாரிஸ் பக்கத்துக் குழாய்த் தண்ணீர் கேத்திலுக்குச் செய்வதையே கராஃபுக்கும் செய்கிறது. வெள்ளை வினாகிரியும் அதே அளவு தண்ணீரும் ஊற்றி இரவு விட்டுவிடுங்கள். காலையிலும் மங்கலாகவே இருந்தால், மெஷினில் போட்டுப் போட்டுக் கண்ணாடியே அரிபட்டிருக்கலாம். அதற்கு மருந்து இல்லை.

சிவப்புக் கறைக்கு, பொய்ப்பல் ஊறவைக்கிற மாத்திரை. மெய்தான்! எங்கள் முதலாளி என்னைத்தான் மருந்துக்கடைக்கு அனுப்புவார். இருபத்து நாலு வயதில் என் பல்லை அந்தப் பெண் பார்த்த பார்வை இருக்கிறதே! இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பி ஒரு மாத்திரை, ஒரு இரவு, பிறகு நன்றாக அலசல்.

காய வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தலைகீழாகக் கவிழ்த்தால் வாய் தரையில் முட்டக் கூடாது, காற்று உள்ளே போக வேண்டும். ஈரத்தோடு மூடி போட்டு அலுமாரிக்குள் வைத்தால் பழந்துணி மணம் வரும். அடுத்த முறை பாவிக்கும் முன் ஒரு மிடறு வைனை உள்ளே சுழற்றிக் கொட்டுங்கள். பிரெஞ்சுக்காரர் இதை 'அவினே' என்பார்கள். இன்னொன்று, துடைக்கும்போது ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கழுத்தையும் பிடித்துத் திருகாதீர்கள். அப்படித் திருகித்தான் ஒரு சனிக்கிழமை கழுத்து மட்டும் என் கையில் வந்தது. ஐந்து தையல்.

மச்சாளின் கிரிஸ்டலை வாங்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை. பழைய கிரிஸ்டலில் ஈயம் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி பிரான்சில் அந்தப் பெயருக்கே குறைந்தது 24 சதவீதம் ஈய ஒக்சைட் வேண்டும். 1991இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், போர்ட் வைனை நாலு மாதம் அப்படிப்பட்ட குடுவைகளில் வைத்திருந்தார்கள். லீற்றருக்கு 89 மைக்ரோகிராமாக இருந்த ஈயம் ஒரு குடுவையில் 5,000ஐத் தாண்டிவிட்டது. அதனால் ஊற்றினால் அன்றிரவே முடித்துவிடுங்கள். பிராந்தி நிரப்பிக் கண்ணாடி அலுமாரியில் அழகுக்கு வைக்கிறவர்களைத்தான் எனக்குப் பயம். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில், தண்ணீர், ஜூஸ்கூட அதில் வேண்டாம்.

கேள்வி: புதிதாக வாங்குவதென்றால் எது? எல்லா வைனையும் அதில் ஊற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், கார்ஜ்

பதில்: ஈயமில்லாத சாதாரணக் கண்ணாடி, ஒன்றரை லீற்றர் கொள்ளளவு. 750 மில்லிலீற்றர் போத்தல் முழுவதையும் ஊற்றினால் வைன் வயிற்றின் அகலமான இடத்தில் நிற்க வேண்டும். காற்றுப் படுவது அங்கேதான். கடைக்குப் போகும்போது போத்தல் தேய்க்கும் பிரஷ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அது அடியைத் தொடாவிட்டால் வாங்காதீர்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

எல்லா வைனுக்கும் தேவையில்லை. போர்தோவின் வைன் பேராசிரியர் எமில் பெய்னோ, வண்டல் இருந்தால் மட்டும், அதுவும் பரிமாறுவதற்குச் சற்று முன் மாற்றினால் போதும் என்ற கட்சி. பழைய வைனுக்கு நானும் அதே கட்சிதான். போத்தலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் பிடித்து மெல்ல ஊற்றுங்கள். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஆனால் துவர்ப்பு தூக்கலான இளம் மதிரான் (தென்மேற்குப் பிரான்சின் சிவப்பு வைன்) என்றால் நான் பேராசிரியர் சொல் கேட்பதில்லை, காற்றுப் பட இரண்டு மணித்தியாலம் கராஃபில் விட்டுவிடுவேன். மூன்று யூரோ போத்தலை அப்படியே கிளாசில் ஊற்றுங்கள், கழுவுகிற வேலையாவது மிச்சம்.