காங்கா என்ற கை மேளம், ட்ரம்பெட் எல்லாம் இருக்கும் ஜாஸ் குழுவில் டிஜேக்கு என்ன வேலை? அவரையும் இசைக்கலைஞர் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஏதோ ஒரு வீடியோவில் நாலு பேர் வியர்க்க விறுவிறுக்க ஊதிக்கொண்டிருக்க, ஓரத்தில் ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரெக்கார்டைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதே கேள்வியை எங்கள் டிஜேயிடம் ஒருவர் கேட்டு, அவருடைய கூலியையும் கொடுக்காமல் விட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நான் நியூயார்க்கில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதிகளில் ஒரு லத்தீன் ஜாஸ் குழுவில் காங்கா வாசிக்கிறேன். லேப்டாப்பில் பட்டனைத் தட்டிவிட்டுக் கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதைக் கமெண்டில் கொண்டுவர வேண்டாம். கல்யாண வரவேற்பில் பாட்டுப் போடுபவர்களையும் குறை சொல்லவில்லை, அதுவும் கௌரவமான தொழில்தான். நான் பேசுவது குழுவோடு சேர்ந்து வாசிக்கும் டிஜேயைப் பற்றி.

கியூபத் தாளமும் ஜாஸும் சேர்ந்து லத்தீன் ஜாஸ் ஆன கதை பலருக்கும் தெரியும். 1940இல் நியூயார்க்கில் மச்சீட்டோவின் குழு, 1947இல் கார்னகி ஹாலில் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியோடு காங்கா வாசித்த சானோ போஸோ என்று அது போகும். ரெக்கார்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் மட்டும் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்ட அந்நியப் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்காது. 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஹிப்ஹாப்பைத் தொடங்கிவைத்த டிஜே கூல் ஹெர்க் ஜமைக்காவில் பிறந்தவர். பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனித்து வரும் இடத்தை, ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்து மாற்றி மாற்றி நீட்டியவர். அப்படி அவர் நீட்டியவற்றில் மிகப் பெயர்பெற்றது இன்கிரெடிபிள் பாங்கோ பேண்டின் ‘அப்பாச்சி’. அதில் பாங்கோ வாசித்தவர் பஹாமாஸில் பிறந்த கிங் எரிசன். ஆக, டர்ன்டேபிளை வாத்தியமாக்கிய ஆளும் கரீபியன், அதில் அவர் சுழற்றிய தாளமும் கரீபியன். இதில் யார் அந்நியர்?

1983இல் ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் ‘ராக்கிட்’ பாட்டு வந்தது. அதில் ஸ்க்ராட்ச், அதாவது ரெக்கார்டைத் தேய்த்து ஓசை எழுப்பும் வேலையைச் செய்தவர் கிராண்ட் மிக்ஸர் டி.எஸ்.டி. அந்தச் சத்தம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே பாட்டில் பாட்டா மேளம் வாசித்தவர் டேனியல் போன்சே என்ற கியூபக் கலைஞர் என்பதை யாரும் சொல்வதில்லை. ஜாஸ் பியானோக்காரர், கியூப மேளக்காரர், பிராங்ஸ் டிஜே மூன்று பேரும் ஒரே பாட்டில், நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே!

சரி, டிஜே என்னதான் செய்கிறார்? எங்கள் மேடையில் வேகத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கிடையாது. பாட்டு சூடுபிடித்தால் வேகம் தானாக ஏறும். ஊதுகிறவர்கள் காதால் கேட்டுக் கூடவே ஏறிவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரெக்கார்டு தானாக ஏறாது. டெக்னிக்ஸ் 1200 மெஷினில் ஒரு பிட்ச் ஸ்லைடர் உண்டு, இரண்டு பக்கமும் 8 சதவீதம் வரை போகும். அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அவர் எங்களைப் பிடிக்க வேண்டும். ஆனால் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். சுமார் 6 சதவீதம் ஏற்றினால் அரை ஸ்வரம் தள்ளிப்போய்விடும், ட்ரம்பெட்டோடு நாராசமாக மோதும். எந்த இடத்தில் ஸ்வரம் உள்ள துண்டைப் போடுவது, எங்கே வெறும் தாளமோ பேச்சுக் குரலோ போதும் என்று அவர் கணத்தில் முடிவெடுக்கிறார். சுருதியை நகரவிடாமல் வேகத்தை மட்டும் மாற்றும் மென்பொருள் வந்துவிட்டது, உண்மைதான். எங்கள் ஆள் ரெக்கார்டிலேயே வாசிக்கிறார்.

இதைவிடப் பெரிய பரீட்சை கிளாவே என்ற தாளக் கட்டு. இரண்டு பாரில், அதாவது இரண்டு தாளச் சுற்றில், ஐந்து தட்டு, ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. மொத்தக் குழுவும் அதன் மேல்தான் நிற்கிறது. ஆதி தாளத்தில் எடுப்பு பிசகினால் எப்படிக் கச்சேரியே ஆட்டம் காணுமோ, அப்படித்தான் கிளாவேயின் தப்பான பக்கத்தில் நுழைந்தாலும். குச்சியால் அடிக்கும் இரட்டை மேளமான டிம்பாலேயை எங்கள் குழுவில் வாசிப்பவர் போர்ட்டோ ரிக்கோக்காரர், எழுபதைத் தாண்டிய பெரியவர். டிஜே தம்பி வந்த புதிதில் பெரியவர் தம்பி பக்கமே திரும்ப மாட்டார். ஒரு ஒத்திகையில் எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, இரண்டு கட்டைகளை எடுத்துக் கிளாவேயை மட்டும் தட்ட ஆரம்பித்தார். ‘இப்போது வா’ என்று தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார்.

தம்பி பழைய ரெக்கார்டு ஒன்றில் ஒரே ஒரு சொல்லை வைத்திருந்தார். இடது கை சத்தத்தைத் திறந்து மூடும் கிராஸ்ஃபேடரில், வலது கை ரெக்கார்டின் மேல். நாலு பார் சும்மா கேட்டார். பிறகு மூன்று தட்டு உள்ள பக்கத்தில் அந்தச் சொல்லை மூன்றாக வெட்டினார், இரண்டு தட்டு உள்ள பக்கத்தில் ஒரே இழுப்பாக விட்டார். அடுத்த சுற்றில் தட்டுகளுக்கு இடையில் மட்டும் நுழைந்தார், ஒரு தட்டின் மேலும் கை வைக்கவில்லை. பெரியவர் கட்டைகளைக் கீழே வைத்துவிட்டு டிம்பாலேயின் ஓரத் தகட்டில் குச்சியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தகட்டை விட்டு கௌபெல்லுக்கு மாறினார். அது பாட்டின் உச்சத்துக்கு வைத்திருக்கும் மணி. எங்கள் குழுவில் அவர் அந்த மணிக்குப் போய்விட்டால், எல்லோரும் வரலாம் என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும் நுழைந்தோம். அன்றைக்கு மாதிரி அப்புறம் வாசித்திருக்கிறோமா என்று தெரியவில்லை.

அதே தம்பிக்குத்தான் ஒரு உணவக முதலாளி கூலி தரவில்லை. மேடை வெறும் பலகை. நான் காங்காவில் ஓங்கி ஒரு அடி அடித்தால் பலகை அதிர்ந்து ரெக்கார்டில் ஊசி துள்ளும். தம்பி கனமான சிமெண்ட் பலகை ஒன்றையும் அதற்கடியில் வைக்க ஃபோமையும் தானே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, இரண்டு மணி நேரம் ஒரு இடத்திலும் ஊசி துள்ளாமல் வாசித்தார். கணக்கு முடிக்கும்போது முதலாளி, “மெஷினுக்கு எதுக்குச் சம்பளம்?” என்றார். நாங்கள் எங்கள் பங்கிலிருந்து எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தோம். பணம் சரியாகிவிட்டது, அந்த வார்த்தை சரியாகவில்லை.

சொல்லப்போனால் எங்கள் வகை இசைக்கே இந்த நிலைதான். 2011இல் கிராமி விருதுக்காரர்கள் பிரிவுகளைக் குறைக்கிறோம் என்று 109ஐ 78 ஆக்கினார்கள், லத்தீன் ஜாஸ் பிரிவு காணாமல் போனது. மேளக் கலைஞர் பாபி சனாப்ரியா போன்றவர்கள் தெருவில் நின்று போராடி, வழக்கும் போட்ட பிறகு, 2012இல் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இசைக்கு இந்த ஊரிலேயே மனு போட வேண்டியிருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

கேட்க விரும்பினால் ‘ராக்கிட்’டில் தொடங்குங்கள். பிறகு லாஸ் ஏஞ்சலிஸின் ஓஸோமாட்லி குழு 1998இல் போட்ட முதல் ஆல்பம், கட் கெமிஸ்ட் என்ற டிஜே டர்ன்டேபிளில் இருந்த காலம் அது. அதே வருஷம் மெடெஸ்கி மார்ட்டின் அண்ட் வுட் மூவரும் டிஜே லாஜிக்கைச் சேர்த்துக்கொண்டு போட்ட ஆல்பமும் உண்டு, அதில் ஜாஸ் தூக்கல். ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போனில் கேளுங்கள். முதல் தடவை டிஜேயை விட்டுவிட்டு மேளத்தை மட்டும் கவனியுங்கள், இரண்டாம் தடவை டிஜேயை மட்டும். அதற்குப் பிறகும் அவர் இசைக்கலைஞர் இல்லை என்று தோன்றினால் இங்கேயே எழுதுங்கள், பேசுவோம்.